மூன்று லிட்டர்

காலை எட்டரைக்கு
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி பதினாலாம் அறையில்
முதலில் மூச்சு விடுவது ஒரு பெரிய ஊசிக்குழல்.
சைக்கிள் பம்பைவிடக் கொஞ்சம் குண்டு.
மூன்று லிட்டர் காற்றை இழுத்து
மெஷினுக்குள் தள்ளுவேன்.
மூன்று என்று காட்டினால் வேலை தொடங்கலாம்.
எப்போதும் மூன்றுதான் காட்டும்.
அளவு சரி.
எதில் மூன்று என்று அது கேட்டதில்லை.

பிறகு ஆட்கள்.

உச்சிமாகாளி, நாற்பத்தாறு, போக்குவரத்துக் காவல்,
வண்ணார்பேட்டைப் பாலத்தடி.
மூக்கில் கிளிப் மாட்டியதும் சிரிக்கிறார்.
ஊதுங்க ஊதுங்க ஊதுங்க விட்ராதீங்க என்று
ஆறு விநாடி நான் கத்த வேண்டும்.
பதினோரு வருஷம் விசில் ஊதியவருக்கு
மூன்றாம் விநாடியில் இருமல்.
"புகை பிடிப்பீங்களா?"
"நான் எங்கம்மா பிடிக்கேன்,
அதுல்லா என்னயப் பிடிச்சிருக்கு."
இந்த மாதம் இதைச் சொல்லும் நான்காவது ஆள்.
நான்காவது தடவையும் சிரித்துவிட்டு
'இல்லை'யில் டிக் அடித்தேன்.
வேறு கட்டம் கிடையாது.

வயது, உயரம், ஆணா பெண்ணா,
இவ்வளவு சொன்னால் போதும்,
இந்த உடம்புக்கு எத்தனை லிட்டர் இருந்திருக்கணும் என்று
மெஷின் சொல்லிவிடும்.
இருந்திருக்கணும்.
அந்தச் சொல்லுக்குத் தனியாக ஒரு பத்தி,
அதை ஒட்டி
இருப்பது.

மைதீன் பாத்து, மேலப்பாளையம்,
பஸ் திரும்பும் முக்கில் வீடு.
"படுத்தா வாங்குது.
ராத்திரி பூரா உக்காந்தே கெடக்கேன்."
பைக்குள்ளிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து விரித்தாள்.
ஜன்னல் கம்பியில் ஒரே ஒரு நாள் கட்டிவைத்ததாம்.
நடுவில் கம்பி பட்ட இடம் மட்டும் வெள்ளை.
"இதயும் ரிப்போர்ட்டோட சேக்க முடியுமா?"
ஸ்டேப்ளர் கையில் இருந்தது.
சேர்த்தேன்.
டாக்டர் என்ன சொன்னாரோ, நான் கேட்கவில்லை.

ஆனி மாதம் மேல்காற்று.
ராமையன்பட்டிக் குப்பை எரிந்த நான்கு நாளும்
பெஞ்சு போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள்.
அட்டைக்குழல் பெட்டி மத்தியானமே காலி.
சின்னப் பிள்ளைகளுக்குத் திரையில் மெழுகுவத்தி வரும்,
ஊதினால் அணையும்.
ஜெரின், ஏழு வயது,
எட்டில் ஐந்தை அணைத்தான்.
உதடு நீலமாக,
"மிச்சத்த நாளைக்கி அணைக்கேன் மிஸ்" என்றான்.
அவன் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையும் ஊசிக்குழலை இழுத்தேன்.
அறைக்குள் எரிந்த டயர் வாசம்.
மூன்று லிட்டர்.
துல்லியம்.

சாயங்காலம் சமாதானபுரம் சிக்னல்,
தொண்ணூறு விநாடி சிவப்பு.
ஸ்கூட்டியை அணைத்துவிட்டு
மூச்சைப் பிடித்து எண்ணுவது என் பழக்கம்,
யாரிடமும் சொன்னதில்லை.
நாற்பத்தொன்றில் விட்டுவிட்டேன்.
போன வருஷம் அறுபது வரை போகும்.

முன்னால் நின்ற டவுன் பஸ்
பச்சை விழுந்ததும்
என் முகத்துக்கு நேரே ஊதியது.
கிளிப் இல்லாமல், யாரும் கத்தாமல்,
இருமாமல்,
ஆறு விநாடிக்கும் மேலே.