ஆலோசனைக் கட்டணம்

படிவத்தில் இரண்டு பெட்டி.
வெளி ஆலோசகர் என்றால் ஒரு தொகை,
உள்ளூர் ஆலோசகர் என்றால் அதில் பாதி.
பாதியில் புள்ளடி போட்டேன்.

முத்தையன்கட்டு, வலதுகரை.
புதிய பொதுநோக்கு மண்டபம்,
வடக்குச் சுவர், முப்பது அடிக்குப் பத்து.
அதில் நம்பிக்கை வரைய வேண்டுமாம்.
மாதிரிக்கு ஒரு வெள்ளைப் புறாவும் அனுப்பியிருந்தார்கள்,
வாயில் எங்கள் ஊரில் முளைக்காத இலை.

முதல் நாள் நான் ஒன்றும் வரையவில்லை.
பூசிய வெள்ளை காயும்வரை
சுவருக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தேன்.
பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறவள்
சனிக்கிழமை சும்மா இருக்கிறாளே என்று
பார்க்க வந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.
அவர்களிடம்தான் கேட்டேன்: இதில என்ன போடுவம்?

புறாவோ, என்றாள் இராசகிளி.
மயிலைக் கீறுங்கோ ரீச்சர்,
என்ர அரை ஏக்கர் கச்சானைக் கிளறித் திண்ட மயிலை.
கீறிப்போட்டுப் பக்கத்தில
நட்டஈடு தரவும் எண்டு எழுதுங்கோ.

சிரித்தோம். அதிலிருந்து தொடங்கியது.

இரண்டாம் நாள் கரித்துண்டு கை மாறியது.
குளத்தை முதலில் போட்டது நானில்லை,
மீன் விற்கிற அந்தோனிமுத்து.
மேற்குப் பக்கம் அகலம் காணாதென்று
அதை அழித்தது அவருடைய மனைவி.
தண்ணீர் முறையில் கோபித்து
மூன்று போகமாய் முகம் பார்க்காத
ஐந்தாம் வாய்க்காலும் ஆறாம் வாய்க்காலும்
ஒரே வாளிக்குள் தூரிகை தோய்க்க வேண்டி வந்தது.
வாளி ஒன்றுதான் என்று சொல்லியிருந்தேன்.
மற்றது கதவுக்குப் பின்னால் இருந்தது.
இதற்குத்தான் ஆலோசனை என்று பெயர்.

யானை கடக்கிற இடம்.
மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நின்ற இடம்;
மிதிவெடி எடுத்தவர்கள் போய் எட்டு வருசம்,
மாடுகள் இன்னும் சுற்றித்தான் போகின்றன.
செபநாயகி தன் வளவைக் கீறினாள்,
ஒரு கிணறு, ஒரு பாலை மரம்,
இரண்டுக்கும் நடுவில் ஒரு மஞ்சள் கல்.
தூரிகையை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.
வன இலாகாவின்ர கல்லு, என்றாள்.
நாங்கள் முகாமில இருக்கேக்க நட்டது.

அதற்குப் பிறகு மஞ்சள் முடிந்துபோனது.
எல்லாரிடமும் ஒரு கல் இருந்தது.
ஒட்டுசுட்டானுக்கு ஆள் அனுப்பி
இன்னுமொரு ரின் எடுப்பித்தோம்.

மூன்றாம் நாள் அலுவலக வாகனம்.
எஞ்சினை நிற்பாட்டாமல் இறங்கியவர்
சுவரைக் கனநேரம் வாசித்தார்.
அழகு, என்றார்.
பிறகு, இந்தக் கல்லுகளை மட்டும்...
கையால் துடைப்பதுபோல ஒரு சைகை.
நிதி தருகிறவர்கள், நீங்கள் விளங்கிக்கொள்ள வேணும்.

உள்ளூர் ஆலோசகரின் ஆலோசனை:
கல்லை நட்டது நாங்களில்லை.
புறாவுக்கு மலசலகூடத்துச் சுவர் வெறுமையாய்க் கிடக்கிறது.

அப்படி நான் சொல்லவில்லை.
சொல்லியிருக்க வேண்டும்.
நான் சொன்னது,
கூட்டம் வைப்பம், அவையைக் கேட்டுப் பாருங்கோ.
அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
வாகனம் பின்னுக்கு எடுத்துத் திரும்பியது,
புழுதி ஈரமான குளத்தில் ஒட்டிக்கொண்டது.
நாலாம் நாள் அதற்கு மேலேயே தீட்டினோம்.

கடைசிக் கொடுப்பனவு வரவில்லை.

வைகாசியில் நிலஅளவைக்காரர் இருவர் வந்தபோது
செபநாயகியிடம் காட்ட உறுதி இல்லை, அது எரிந்து கனகாலம்.
மண்டபத்துக்குக் கூட்டிப்போய்ச் சுவரில் விரல் வைத்தாள்.
இந்தப் பாலையில இருந்து அந்த வாய்க்கால் மட்டும்.
பின்னால் நின்ற ஆறாம் வாய்க்கால்
ஓம், அது அவவின்ர, என்றது.
இரண்டு பேரில் இளையவர்
கைபேசியை எடுத்துப் படம் பிடித்தார்.
எதற்கென்று எனக்குத் தெரியாது.

படிவம் இன்னும் என் மேசையில்.
பயனாளிகள் எத்தனை பேர் என்ற பெட்டி நிரப்பவில்லை.
மயிலையும் சேர்ப்பதா என்று யோசிக்கிறேன்.