நட்சத்திரக் குறியிட்ட கட்டங்கள்

சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டங்களைக்
காலியாக விட முடியாது.
கடைசிப் பெயர் என்ன என்று கேட்டது படிவம்.
எனக்கு இருப்பது ஒரு பெயரும்
அதற்கு முன்னால் ஓர் எழுத்தும்தான்.
ஒற்றை எழுத்தை அது ஏற்கவில்லை.
பிரித்து எழுதினேன்: குணசீலன்.

இப்படித்தான் என் அப்பா,
எட்டாவது பாஸ்,
அயனாவரம் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டர்,
உயர்கல்வியின் பன்னாட்டுமயமாதல் குறித்த
பன்னிரண்டு மாத ஆய்வு நல்கைக்கு
விண்ணப்பித்தார்.

மதிப்பெண் பட்டியலை உறையிலிட்டு
அரக்கு முத்திரையோடு அனுப்ப வேண்டுமாம்.
சேப்பாக்கத்தில் மூன்றாம் எண் கவுன்ட்டர்.
"அரக்கா? அதெல்லாம் எந்தக் காலம்மா"
என்றவர் பசை தடவி ஒட்டி
ரப்பர் ஸ்டாம்பை இரண்டு முறை குத்தினார்,
இரண்டாவது, என் முகத்தைப் பார்த்துவிட்டு.

பரிந்துரைக் கடிதம் கேட்டுப் போனேன்.
"நீங்களே எழுதிடுங்க நப்பின்னை,
நான் கையெழுத்துப் போட்டுடறேன்."
அன்று இரவு என்னைப் பற்றி நானே
ஓர் ஆணின் குரலில் எழுதினேன்.
'அபூர்வமான' என்று போட்டு அழித்தேன்.
'கடின உழைப்பாளி' என்று போட்டேன்.
விடிவதற்குள் மறுபடியும்
'அபூர்வமான'.

வயது வரம்பு முப்பத்தைந்து.
எனக்கு ஜூன் வந்தால் முடிகிறது.
கௌரவ விரிவுரையாளருக்கு மே மாதச் சம்பளம் கிடையாது,
கௌரவம் மட்டும்
பன்னிரண்டு மாதமும் உண்டு.

என் ஆய்வு இங்கே படிக்க வருகிற
அயல்நாட்டுப் பிள்ளைகளைப் பற்றியது.
நாற்பத்தொரு நேர்காணல்கள்.
பதினேழாவது பதிவில்
தாம்பரம் சானடோரியம் பக்கத்து மாடியறையில்
சூடானின் இத்ரீஸ் பேசுகிறான்,
பின்னால் மின்ரயில் கடக்கிறது.
"ஏன் வந்தாய்னு நீங்க கேக்கறீங்க அக்கா.
எப்பப் போவேனு வீட்டுக்காரர் கேக்கறார்.
வேற கேள்வியே இல்லியா?"
நான் சிரித்தது பதிவாகியிருக்கிறது.
எழுத்தில் பெயர்த்தபோது
அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று போட்டு
அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறேன்.

படிவத்தில் ஒன்பதாவது கேள்வி:
எங்கள் நாட்டுக்கு ஏன் வர விரும்புகிறீர்கள்?
பத்தாவது:
முடிந்ததும் திரும்பிப் போய்விடுவீர்களா?
இரண்டுக்கும் நட்சத்திரம்.

கடைசி நாள், அவர்கள் ஊர் நள்ளிரவு வரை.
நமக்கு விடிகாலை நாலரை.
டிசம்பர் மழையில் தெரு முழுக்க கரண்ட் போய்விட்டது.
பேட்டரியில் ஒன்பது சதவீதம்.
செல்போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்து
கோப்புகள் ஒவ்வொன்றாய் ஏறுவதைப் பார்த்திருந்தேன்.
கீழே பால் வண்டிக்காரர்
டப்பாக்களை இறக்கும் சத்தம்.
தண்ணீர் குடிக்க எழுந்த அப்பா
இருட்டில் கேட்டார்,
"என்னம்மா, டிக்கெட் கிடைச்சுதா?"
"இன்னும் சில்லறை தேடிட்டிருக்கேன்பா."

நாலு இருபத்தாறுக்குப் பச்சை நிற டிக்.
பிறகு வெகுநேரம்
பச்சை நிறம் கண்ணிலேயே இருந்தது.

பிப்ரவரியில் பதில் வந்தது.
அன்புள்ள குணசீலன், என்று தொடங்கி
மிகுந்த போட்டி, மிகுந்த மகிழ்ச்சி,
மிகுந்த வருத்தம் எல்லாம் சொல்லி
காத்திருப்போர் பட்டியலில் நான்காம் இடம் என்றது.

கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு
தன் பெயரை மட்டும்
எழுத்துக்கூட்டி வாசித்தார் அப்பா.
"நம்ம பேருக்குத்தான் வந்திருக்கு."
அப்புறம்,
"நாலாவதுன்னா நின்னுக்கிட்டே போகலாமா?"

அந்தப் பட்டியலுக்குப்
படிக்கட்டு உண்டா என்று
அவர்கள் எழுதவில்லை.