இல்லாத தாள்

வெள்ளவத்தையில், கடலோர றெயில் பாதையைப் பார்த்தபடி
நான்காம் மாடி எங்களுக்கு.
இரவு எட்டு இருபதுக்கு ஒரு றெயில் போகும்.
வாசித்துக்கொண்டிருக்கும் சொல்லின் மேல்
விரலை வைத்துவிட்டுக் காத்திருப்பேன்.
யன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கும் வரைக்கும்
பிள்ளைகளும் மூச்சுவிட மாட்டார்கள்.
நிறுத்தக்குறிகளை எழுதச் சொன்ன பரீட்சையில்
காற்புள்ளி, முற்றுப்புள்ளி, றெயில் என்று
எழுதிவைத்தான் அக்‌ஷரன்.
ரீச்சர் பிழை போட்டிருந்தா.
பக்கத்தில் நான் சரி போட்டேன்,
பென்சிலால், சின்னதாக.

புத்தகம் மருதானை நடைபாதையில் வாங்கியது.
நூற்றிருபது ரூபாய்.
உள்ளட்டையில் யாரோ ஒரு பிள்ளை
'இது என்ட' என்று எழுதிவிட்டு
பெயரெழுத மறந்திருந்தது.
டிக்கெட் எடுக்காமல் ஊர் சுற்றப்போன ஆட்டின் கதை.
பதினான்காம் பக்கத்தில் ஆடு பாலத்தின் நடுவில்,
கீழே முதலை, முன்னால் டிக்கெட் பரிசோதகர்.
எதிர்ப்பக்கம் பதினேழு.
அங்கே அதே ஆடு வீட்டில் கால்நீட்டிப் படுத்திருக்கிறது,
தலையில் பரிசோதகரின் தொப்பி.
பாலத்து ஆடு வீட்டு ஆட்டைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது.
நடுவில் ஒரு தாள் இல்லை.

முதல் இரவு, தெரியாமல் உரத்து வாசித்து வந்து
அந்த இடத்தில் தடுக்கி விழுந்தேன்.
"பிறகு?" என்றாள் யதுர்ஷி.

ஒருநாள் ஆடு தும்மியது, தொப்பி பறந்தது.
ஒருநாள் முதலை பரிசோதகரின் ஒன்றுவிட்ட மச்சான்.
கரண்ட் போன இரவில், போன் வெளிச்சத்தில்,
பாலமே எழுந்து நடந்துபோய்
ஆட்டை வாசலில் இறக்கிவிட்டது.
சிவரூபன் வாசித்தால் மட்டும்
ஆடு இரண்டாயிரம் ரூபாய் அபராதம் கட்டி
ரசீது வாங்கிக்கொள்ளும்.
அவருக்கு வங்கியில் வேலை.
அந்த இரவுகளில் பிள்ளைகள் கெதியாய் நித்திரையாகிவிடுவார்கள்.

தாய் வேலையால் வரப் பிந்தினால்
எதிர்வீட்டு செனுலியும் வந்து பாயில் இருப்பாள்.
எங்கள் மொழியில் அவளுக்குப் பத்துச் சொல் தெரியும்.
பாலம் வந்ததும் கையைத் தூக்கினாள்.
தன் மொழியில் மளமளவென்று ஏதோ சொன்னாள்.
எனக்குப் பாதி விளங்கவில்லை,
அக்‌ஷரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டான்.
எங்கள் ஆடு அன்றைக்கு எளுவா.
அடுத்த வாரமும் எளுவாதான் வேண்டும் என்றார்கள்.

போன மாதம் அதே நடைபாதை,
அதே புத்தகம், எல்லாத் தாளும் உள்ளது.
வெயிலில் நின்றபடி புரட்டினேன்.
கை ஏன் நடுங்கியது என்று கேட்காதீர்கள்.
ஆடு தன் தவறை உணர்ந்து அழுததாம்.
பரிசோதகர் மன்னித்தாராம்.
இனி ஒழுங்காய் நடப்பேன் என்று சொன்னதற்குப்
பரிசாம், தொப்பி.
முதலை என்ன செய்ததென்று ஒரு வரியும் இல்லை.
"இருபது குறைச்சுத் தாறன், அக்கா."

ஏன் வாங்கினேன்?
வேறு யாரும் வாங்கிவிடக் கூடாதென்றுதான் நினைக்கிறேன்.
லீக்ஸுக்கும் பாணுக்கும் கீழே வைத்துக் கொண்டுவந்தேன்.
யதுர்ஷிக்கு மட்டும் காட்டினேன்.
ஒன்பது வயது, ஒளித்தால் கண்டுபிடித்துவிடுவாள்.
ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்று,
உதடு அசையாமல் இரண்டு பக்கமும் வாசித்தாள்.
மூடினாள்.
"இது வேற ஆடு," என்றாள்.
கொஞ்சம் கழித்து,
"தம்பிக்குச் சொல்லாதேங்கோ."

முழுப் புத்தகம் இப்போது ஃபிரிட்ஜின் மேலே,
தண்ணி பில், லைட் பில் பறக்காமல் பாரம்.

அன்றிரவு நான் பாயில், அக்‌ஷரனுக்குப் பக்கத்தில்.
வாசித்தது அவள்.
எழுத்துக்கூட்டாமல், என்னைவிட மெதுவாக,
முதலைக்கு மூக்கால் ஒரு குரல் வைத்து.
பாலத்துக்கு வந்தாள்.
ஆடு நின்றது. பரிசோதகர் கையை நீட்டினார்.
தெஹிவளைப் பக்கமிருந்து றெயில் வந்தது.
அவள் விரலை வைத்தாள்,
தாள் இல்லாத அந்தக் கிழிசல் ஓரத்தில்.
கண்ணாடி அதிர்ந்தது. அடங்கியது.
விரலை எடுக்கவில்லை.

"பிறகு?" என்றேன்.