புல எண் 214/3

தை பிறப்பதற்குள் அடங்கல் எழுதி முடிக்க வேண்டும்.
ஒடுகத்தூர் தாண்டி, மலை கால் நீட்டியிருக்கும் இடத்தில்
ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நடந்தேன்.
212 நிலக்கடலை.
213 கேழ்வரகு, பாதிக் கதிர்.
214/3, பட்டாதாரர் பச்சையம்மாள், க/பெ கன்னியப்பன்,
இரண்டு ஏக்கர் பதினெட்டு சென்ட்.
வரப்பு தெரியவில்லை.
கிணறும் தெரியவில்லை, அது இருக்கிறதென்று
துருப்பிடித்த ஒரு குழாய் முனை மட்டும் சொன்னது.
ஆள் உயரத்துக்கு உன்னிச்செடி.
ஒரே கொத்தில் மஞ்சளும் ரோஸும்,
கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி.

தரிசு என்று எழுதப் போனேன்.

"தரிசுன்னு போடாதம்மா.
தரிசுன்னா ஒண்ணுமில்லாம கெடக்கணும்.
இங்க ஓணான் பூர எடம் கீதா பாரு.
ரெண்டு வாட்டி ஜேசிபி வுட்டேன்.
அடுத்த மழைக்கு
வெட்டுன தூரெல்லாம் நாலு நாலா எழுந்து நின்னுச்சி.
தண்ணி ஊத்துனது யாரு? யாருமில்ல.
ஆடு வாய் வெக்கிதா? வெக்கல.
பகல்ல பன்னி இதுக்குள்ள தூங்குது,
ராவுல எழுந்து எத்திராஜி கொல்லையில
கடலை தின்னப் போவுது.
அவன் என்னைத் திட்றான்.
நானா நட்டேன்?"

படிவத்தில் வறட்சிக்குக் கட்டம் உண்டு.
வெள்ளத்துக்கு உண்டு.
பூவுக்கு இல்லை.

சத்துவாச்சாரி நர்சரியில்
போன வருஷம் நான் வாங்கியதும் இதுதான்.
குள்ள ரகம், முழு மஞ்சள், தொட்டியோடு நூற்றிருபது.
பெயர் மட்டும் வேறு சொன்னான், லண்டானா.
"தண்ணி கேட்காது மேடம்,
ஆடு மாடு வாய் வைக்காது,
வெட்ட வெட்டத் தழையும்."
அதில் ஒரு பொய்யும் இல்லை.
பத்து ரூபாய் குறைத்தும் கொடுத்தான்.

பச்சையம்மாளிடம் இதைச் சொல்லவில்லை.
தரிசு என்றே எழுதினேன்,
வேறு சொல்லைக் கம்ப்யூட்டர் வாங்காது.
அவள் எட்டிப் பார்த்தாள், எழுத்து தெரியாது,
ஆனாலும் சொல் எவ்வளவு குட்டை என்று பார்த்துவிட்டு
முள் குத்திய கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கேட்டைத் திறக்கையில்
இரண்டு தரம் சோப்பு போட்டுக் கழுவிய கையில்
அந்த இலை வாடை.
தொட்டி எப்போதோ விரிசல் விட்டிருக்கிறது,
வேர் சிமெண்ட் இடுக்கில் இறங்கியிருக்கிறது.
மிளகாய்க் கறுத்த பழக்கொத்தில்
ஒரு கொண்டைக்குருவி அவசரமில்லாமல் தின்றது.
அலகைக் கேட்டுக் கம்பியில்
இப்படியொரு முறை, அப்படியொரு முறை துடைத்துக்கொண்டு
எழும்பிப் போனது.

எந்தப் பக்கம் என்று பார்க்கக் கூடாதென்று நினைத்தேன்.
பார்த்தேன்.
மலைப் பக்கம்தான்.