நேரத்துக்குச் சாப்பிடணும்

பந்தலூர் ஆஸ்பத்திரியில்
தொடர்ந்து மூன்றாவது இரவு எனக்கு.
டியூட்டி மாற்ற வேண்டிய சகாயமேரி
கூடலூர் ரோட்டில் ஆனை நிற்குது என்றாள் போனில்.
ஆனை போன பிறகும் வரவில்லை.
நானும் திரும்பக் கேட்கவில்லை,
போன மாசம் எனக்கும் ஓர் ஆனை நின்றது.

மத்தியானம் கட்டிய சோறு
குளிரில் இறுகி
டப்பா வடிவத்திலேயே கிடக்கிறது,
கவிழ்த்தாலும் விழாது.
அதனால் வர்க்கி.
டிராயரில், மாத்திரை அட்டைகளுக்கு அடியில்
எண்ணெய் ஊறிய பேப்பரில் வர்க்கி.
பிரசவம் முடிந்ததும் இரண்டு.
விஷம் குடித்த பையன் கண் திறந்ததும் மூன்று.
பிறகு எதற்கென்று தெரியாமல், நின்றபடி,
டீயில் நனைக்காமல்,
பசியில்லாமல்.

ஏழாம் படுக்கை சந்தனசாமி
கொழுந்து லாரி ஓட்டுகிறவர்.
சுகர் முந்நூற்று எண்பது.
வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போனது:
நேரத்துக்குச் சாப்பிடணும்ணே,
பேக்கரி அயிட்டம் தொடக்கூடாது,
ராத்திரி முழிக்கக்கூடாது.
அவர் முகத்தைப் பார்க்கவில்லை.
என் கோட்டில் ஒட்டியிருந்த தூளைப் பார்த்தார்.
"சரிங்க சிஸ்டர்," என்றார், ரொம்ப மரியாதையாக.

நாலரை மணி.
ஜன்னலுக்கு வெளியே
ஆம்புலன்ஸ் இருந்த இடத்தில் மூடுபனி.
அவருக்குக் குத்திய மெஷினில்
புது ஸ்ட்ரிப் போட்டு
என் விரலைக் குத்தினேன்.
ஐந்து, நான்கு என்று அது எண்ணி இறங்கும்வரை
ஸ்டூலில் உட்கார்ந்தேன்.
உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது
கால் இருந்தது.

எண் வந்தது.
லேபர் ரூமில் யாரோ கத்தினார்கள்.
விரலிடுக்கில் பஞ்சோடு ஓடினேன்,
மறு கையில் பாதி வர்க்கி.