தூக்கிச் சாத்தவும்

டிக் என்று ஒரு சத்தம் வர வேண்டும்.
வரவில்லை.
முட்டியால் தள்ளினேன், இடுப்பால் ஓர் இடி,
பிறகு, யாரும் பார்க்கவில்லை என்பதால்,
நெற்றியை வைத்து அழுத்திக் கெஞ்சினேன்.
டி, ஈ என்று இரண்டெழுத்தைக் காட்டி
மூன்று முறை கூவிவிட்டு
அணைந்துபோனது.

கொட்டிவாக்கம். மூன்றாவது மாடி.
கடலுக்கு நானூறு அடி என்று
பெருமையாக விளம்பரம் போட்டிருந்த வீடு.
அந்த நானூறு அடியையும் தினம் நடந்து வந்து
ஃபேன் ரெக்கையைத் தின்றது உப்புக்காற்று,
அடுப்புக் காலைத் தின்றது,
என் ஸ்கூட்டி ஸ்டாண்டில் பாதி அதன் வயிற்றில்.
இப்போது இதுவா?

இந்த வீட்டில் எதுதான் ஒழுங்காகப் பூட்டுகிறது!
பாத்ரூம் தாழ்ப்பாள் போய் ஒன்றரை வருஷம்,
குளிப்பவர் இருமிக்கொண்டே குளிக்க வேண்டும்.
பீரோ இடுக்கில் மடித்த கரண்ட் பில்.
பால்கனிக் கதவுக்குக் காலி சிலிண்டர் காவல்.
கீழ் கேட்டில் பூட்டு தொங்குவதோடு சரி,
இழுத்தால் வந்துவிடும் என்று
தண்ணீர் கேன் பையனிலிருந்து பூனைவரை தெரியும்.
இது ஒன்றுதான்
முழுசாகப் பூட்டாமல் ஒரு சொட்டு இறக்கமாட்டேன் என்று
கொள்கையோடு நிற்கிறது.

ஓசூரிலிருந்து திருமேனி போனில் சொன்னார்:
பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிஷம் கழித்துப் போடு.
பிடுங்கினேன். காபி குடித்தேன். போட்டேன்.
கூவியது.
ரப்பர் மடிப்பை விரித்துப் பழைய பிரஷால் தேய்த்தேன்.
கறுத்த ஐந்து ரூபாய்,
ஒரு ஜாக்கெட் கொக்கி,
காய்ந்து கஞ்சியான யாருடைய நாப்கினோ.
ஐந்து ரூபாயை அலம்பி எடுத்துக்கொண்டேன்.
கூவியது.

இரண்டு மணி என்று சொன்ன கமாலுதீன்
நாலே முக்காலுக்குப் பள்ளிக்கரணையிலிருந்து வந்தார்.
பையைத் திறக்கவே இல்லை.
கதவைத் திறந்தார், சாத்தினார்,
குழந்தைக்கு மார்சளி பார்ப்பதுபோல்
காதை வைத்துக் கேட்டார்.
'மேடம், இதுமேல ஈரத்துணி ஏதாவது மாட்டுவீங்களா?'
நான் சுவரைப் பார்த்தேன்.
பதினோரு மாதத் துவாலைகள்.
ஒருமுறை பக்கெட்டும்.
'லாக்குல தப்பே இல்ல. கதவு தொங்கிப்போச்சு.
நாக்கு ஓட்டையில நுழையாம கீழ முட்டுது.
ஒரு அரிசி அளவுதான்.'
இரண்டு விரலால் லேசாகத் தூக்கிச் சாத்தினார்.

டிக்.

'கீல் மாத்துனா ஆயிரத்து எழுநூறு.
இல்லன்னா தூக்கிச் சாத்துங்க.'
முந்நூற்றைம்பது வாங்கி, தண்ணீர் குடித்து,
போகும்போது எங்கள் வாசல் கதவை
தானாகவே தூக்கிச் சாத்திவிட்டுப் போனார்.
அதுவும் அன்றைக்குத்தான்
உரசாமல் மூடியது.

ஒரு அரிசி அளவு.
காலையிலிருந்து எவ்வளவு பலம் போட்டேன்,
எல்லாம் முன்னால் தள்ளிய பலம்.
மேல்நோக்கி ஒன்றுமே போடவில்லை.
பிளாஸ்திரி ஒட்டி மார்க்கரில் எழுதினேன்:
தூக்கிச் சாத்தவும்.
ஞாயிற்றுக்கிழமை வந்து திருமேனி கேட்பார்,
எதை?

தண்ணீர் இறங்கிற்று. நுரை ஏறிற்று.
ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன்,
டிவியில் இவ்வளவு நல்லதாக எதுவும் வருவதில்லை.
இருபத்திரண்டாவது நிமிஷம்
தெருவே ஒரு சேர 'ஓ' என்றது.
கரண்ட் போய்விட்டது.

இழுத்தேன். வரவில்லை.
தூக்கி இழுத்தேன். தாழ்த்தி இழுத்தேன்.
பூட்டு, பூட்டு என்று காலையெல்லாம் கும்பிட்டவள்
திற, திற என்கிறேன்,
அதற்கு என்ன குழப்பமாக இருக்கும்.

மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்தால்
நீலக் குர்தாவின் பையிலிருந்து நழுவி
கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு
என் ஆபீஸ் அடையாள அட்டை.
நுரைக்கு நடுவே
ஆறு வருஷத்துக்கு முந்தைய என் முகம்,
நாளை ஒன்பது மணிக்கு கேட்டில் காட்ட வேண்டியது,
நனைந்து, பத்திரமாக,
வெளியே இருப்பவளைப் பார்த்துச் சிரிக்கிறது.