பதினொரு ரிசீற்

முதலில் ஏசியை நிறுத்தினார்கள்.
ஸ்ரான்லி வீதி வெயிலில் போகிறவர்கள்
மேகலா சென்ரரின் கண்ணாடிக் கதவருகே
ஒரு நிமிடம் சும்மா நிற்பதுண்டு.
அந்த நிமிடம் இல்லாமல் போனது.
பிறகு தட்டுகளில் இருந்த சாமான்களை
முன்னுக்கு இழுத்து அடுக்கினார்கள்,
வழுக்கைக்குக் குறுக்கே
நாலு மயிரை வாரி விடுவதுபோல.
பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான்
ஒன்பதாம் மாதக் காசையும் கட்டினேன்.

‘பதினொரு மாதம் நீங்கள்,
பன்னிரண்டாவது நாங்கள்.’
வோஷிங் மெஷின் சேமிப்புத் திட்டம்.
ரிசீற்றில் ஒரு குட்டி மயில்,
அதன் கீழே சுபோதினியின் கையெழுத்து.
‘சு’வின் வால் எப்போதும் கோட்டைத் தாண்டும்.

பன்னிரண்டாம் மாதம் போனால்
இரும்புக் கதவில் வங்கியின் கடதாசி.
மூன்று மொழியிலும் எழுதியிருந்தது.
மூன்றிலும் என்னைப் பற்றி ஒன்றும் இல்லை.

“எனக்கு அப்பவே தெரியும்” என்றாள் நிரோஜினி.
அவளுக்குத் தெரிந்த அந்த அப்பவேதான்
குக்கர் வாங்க என்னையும் கூட்டிப்போனாள்.
“கொழும்பிலையும் கடை போட வெளிக்கிட்டது பிழை.
ஆனா சாமானைக் குறை சொல்லேலாது,
என்ரை மிக்சி இப்பவும் ஓடுது.”
ஜசிந்தா விளைமீனுக்கு விலை பேசிக்கொண்டே சொன்னாள்.
பாலமனோகரன் மாஸ்ரரிடம்
ஓய்வுபெற்ற நாளில் பள்ளிக்கூடம் கொடுத்த
ஐயாயிரம் ரூபா வவுச்சர்.
“கண்ணாடி போட்டு மாட்டப் போறன்” என்றார்.
மாட்டவில்லை.
பேர்ஸுக்குள்ளேயே வைத்திருக்கிறார்,
மடிப்பு வெளிறிவிட்டது.

மினிபஸ் பெடியன் இன்னும்
“மேகலா இறக்கம்!” என்றுதான் கத்துகிறான்.
நாங்களும் இறங்குகிறோம்.

சுபோதினியை ஒருநாள் கண்டேன்,
திருநெல்வேலியில் ஒரு போன் கடையில்
றீலோட் போட்டுக்கொண்டிருந்தாள்.
அவளுக்கும் மூன்று மாதச் சம்பளம் வரவில்லையாம்.
“அக்கா, உங்கடை மெஷின்...” என்று தொடங்கினாள்.
“மழை வரும்போல கிடக்கு” என்றேன்.
வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கக்
கதவு திறந்தது.
அதே பெயர். அதே மயில்,
தோகை மட்டும் கொஞ்சம் நிறம் மாறி.
பதினொரு ரிசீற்றையும் கொண்டுபோனேன்.
கவுண்டரில் இருந்தவன் மரியாதையான பிள்ளை.
ஒவ்வொன்றாக எண்ணி, விளிம்பு பார்த்து அடுக்கித்
திருப்பித் தந்தான்.
“இது பழைய கொம்பனி, அன்ரி.
நாங்கள் பேரை மட்டும்தான் வாங்கினனாங்கள்.”

பேரை மட்டும்.
அந்தப் பேருக்குள் நாங்களும் இருந்தோமா,
எங்களுக்கு என்ன விலை போட்டார்கள்
என்று கேட்க வாய் உன்னியது.
ஏசி குளிர்ந்துகொண்டிருந்தது.
மின்கேத்தில் ஒன்று
மற்றக் கடையைவிட நானூறு ரூபா குறைவு.

“பாக் வேணுமெண்டால் இருபது ரூபா.”
என் பையை விரித்தேன்.
பழைய மேகலாப் பை, பழைய மயில்,
கழுவியும் போகாத கொஞ்சம் மீன் வாடை.
அந்தப் பிள்ளை அதைப் பார்த்தான்,
பிறகு கேத்திலை அதற்குள் பக்குவமாக இறக்கினான்.

வீட்டுக்கு வந்து பில்லை மடித்து
ரிசீற்றுகளோடு சேர்த்து ரப்பர் பட்டி போட்டேன்.
எண்ணினால் பன்னிரண்டு.

தண்ணீர் கொதித்த பிறகும்
சுவிட்ச் தானாக விழுகுதில்லை.
பரவாயில்லை, ஒரு வருட வாரண்டி.
ஒரு வருடம் இருப்பார்களா என்பது
நிரோஜினிக்கு
இப்பவே தெரிந்திருக்கும்.